கைநாட்டும் கடவுச்சொல்லும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினி அறிவைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். கணினி என்ற சொல்லைக் கேட்டவுடனே, "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உரிய விஷயம், நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்ற எண்ணம் இங்கே பலருடைய முகத்தில் தோன்றுவதைக் காண்கிறேன். ஆகையால் கணினியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் கைநாட்டு.

1951-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம். அக்காலத்தில் நம்முடைய பாட்டன்மார்கள் கடன் வாங்கப் போனால், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். எழுதியவரே படித்துக் காட்டுவார். அவர் படித்ததுதான் எழுதியிருக்கிறது என்று நம்பிப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நூறு ரூபாய்க் கடன் ஆயிரமாகிக் காணி நிலம் கைமாறிப்போன கதை, இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய குடும்பத்திலும் இருக்கக்கூடும். விரல் அவருடையது; சம்மதம் மட்டும் அவருடையதன்று.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலையேறவில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

சென்ற ஆண்டு ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ஒன்றரை ஏக்கர் புஞ்சைக்குச் சொந்தக்காரர். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில், ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாயை மூன்று தவணையாக வாங்கிவந்தவர். திடீரென்று இரண்டு தவணைகள் வரவில்லை. வங்கிக்குப் போனார். "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்றார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அவர் வேளாண்மை அலுவலகத்துக்கு அனுப்பினார். இப்படி நான்கு நாட்கூலியும் பஸ் கட்டணமும் போன பிறகுதான், ஆதாரைக் கொண்டு சரிபார்க்கும் வேலை முடியவில்லை என்பது தெரிந்தது. சரிபார்ப்பதற்கு ஓ.டி.பி. எண் கைபேசிக்கு வரவேண்டும். எந்தக் கைபேசிக்கு வந்தது தெரியுமா? முதன்முதலில் விண்ணப்பம் பூர்த்தி செய்துகொடுத்த கடைக்காரருடைய கைபேசிக்கு! அவர் தம்முடைய எண்ணையே போட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்றும் நான் சொல்லமாட்டேன். பெரியவரிடம் அப்போது கைபேசி இல்லை. வேலை முடியவேண்டும் என்று செய்திருக்கலாம். ஆனால் கடையை மூடிவிட்டு அவர் வேறூருக்குப் போய்விட்டார்.

சரி, கைரேகையை வைத்துப் பார்க்கலாம் என்று சேவை மையத்துக்குப் போனார். நாற்பது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. முகத்தைக் காட்டியே சரிபார்த்துக்கொள்ளும் வசதி அத்திட்டத்தின் கைபேசிச் செயலியில் 2023-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதை அவருக்குச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி, கல்லூரியில் படிப்பவள், திண்ணையிலேயே உட்காரவைத்துச் சில நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தாள். நான்கு நாள் அலைச்சலுக்கும் அந்தச் சில நிமிஷத்துக்கும் நடுவே இருந்தது ஒரு கைபேசி மாத்திரம் அன்று. அதைக் கையாளத் தெரிந்த ஓர் ஆள்.

இது ஒரு மனிதருடைய கதை. இனி ஒரு பெரிய கதையைச் சொல்லுகிறேன். நீங்களும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இதே திட்டத்தில் 2020-ம் ஆண்டு நம் தமிழ்நாட்டில் நடந்தது. விவசாயிகள் தாங்களே பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று வசதி செய்துகொடுத்திருந்தார்கள். பதிந்த பெயரை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் வேளாண்மை அலுவலகங்களின் கடவுச்சொல்லில் இருந்தது. அந்தக் கடவுச்சொற்கள் வெளியாட்களின் கைக்குப் போயின. தனியார் கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் போயின. விளைவு என்ன? பதின்மூன்று மாவட்டங்களில், உரிமையில்லாத ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விவசாயிகளாகப் பதிவாகி, சுமார் 110 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகிவிட்டது என்று அரசாங்கமே அறிவித்தது. பிறகு அலுவலர்கள் மீது நடவடிக்கை, கைது, பணத்தைத் திரும்ப வசூலித்தல் எல்லாம் நடந்தன. என்ன திட்டம், எதற்காகத் தருகிறார்கள் என்று விளங்காமலேயே ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்த ஏழைகளிடமிருந்தும் பணம் திரும்ப வாங்கப்பட்டது. கடவுச்சொல்லை விட்டுக்கொடுத்தவர்கள் படித்த அலுவலர்கள் என்பதைக் கவனியுங்கள். எழுதப் படிக்கத் தெரிவது வேறு, இந்தப் புதிய கைநாட்டின் பொறுப்பை உணர்வது வேறு.

இப்போது நம்முடைய வீட்டுக்கே வருவோம். பஞ்சாயத்துக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது 1994-ம் ஆண்டுச் சட்டத்தில் கண்ட ஏற்பாடு. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காக வைத்தது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி 'இ-கிராம் ஸ்வராஜ்' என்ற இணையதளம் தொடங்கப்பட்ட பிறகு, பஞ்சாயத்தின் வளர்ச்சித் திட்டமும் வரவுசெலவும் அதில் ஏறுகின்றன. அதன் வழியே பணம் கொடுப்பதற்குப் பேனாக் கையொப்பம் செல்லாது. டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். 'டி.எஸ்.சி.' என்று அலுவலகத்தில் சொல்லுகிறார்களே, விரல் நீளத்தில் ஒரு சிறு கருவி, அதுதான். அந்தக் கருவி இப்போது எங்கே இருக்கிறது என்று தலைவர்கள் தங்கள் மனத்துக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். பலரிடம் கேட்டிருக்கிறேன். "செயலாளர் மேஜையில் இருக்கிறது", "ஒன்றிய அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள்", "எங்கள் வீட்டுக்காரர் வைத்திருக்கிறார்" என்றெல்லாம் பதில் வருகிறது. கடவுச்சொல்லையும் ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டி வைத்திருப்பவர்கள் உண்டு!

கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைப் பிறர் மேஜையில் வைத்துவிட்டு வருவீர்களா? இது அதைவிடப் பெரிது. காசோலையில் இட்ட கையொப்பம் போலி என்று நிபுணர் சொல்ல இடமுண்டு. டிஜிட்டல் கையொப்பம் உங்களுடையது என்றால் உங்களுடையதுதான். தணிக்கை வரும்போது "எனக்குக் கணினி தெரியாது" என்ற பதில் எடுபடாது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எத்தனை பாடுபட்டு வந்த உரிமை அது! அந்த நாற்காலியில் அமர்ந்த சகோதரி அந்தச் சிறு கருவியைக் கணவரிடமோ மைத்துனரிடமோ கொடுத்துவிட்டால், பதவியும் அதனோடு கூடவே போய்விடுகிறது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் நடப்பதை நான் சொல்லவேண்டியதில்லை. முன்பு நாற்காலியில் உட்காரவிடாமல் தடுத்தார்கள். இப்போது உட்காரவைத்துவிட்டுக் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளுகிறார்கள். பின்னது வெளியே தெரிவதில்லை என்பதே வித்தியாசம்.

இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சில கணக்குகளைச் சொல்லுகிறேன். 2017–18-ல் மத்திய அரசாங்கம் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நகரத்தில் நூறு வீடுகளில் இருபத்துமூன்று வீட்டில் கணினி இருந்தது. கிராமத்தில் நான்கு வீட்டில்தான். ஐந்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்தாரில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்; நகரத்தில் முப்பத்திரண்டு பேர். இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. அதன் பிறகு கைபேசி காட்டுத்தீப்போல் பரவிவிட்டது உண்மையே. ஆயினும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேரும் பெண்கள் முப்பத்துமூன்று பேரும் என்று வந்தது. ஊருக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஒரே வீட்டுக்குள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வீட்டில் ஒரு நல்ல கைபேசி இருந்தால் அது மகனிடம் இருக்கும். மகனுக்கு வேண்டாமென்றால் தகப்பனிடம் இருக்கும்.

"கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஒரு கட்சி. 2011-ம் ஆண்டு செப்டம்பரில் நம் மாநிலத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பெற்றார்கள். நல்ல திட்டம், ஏழை வீட்டுப் பிள்ளை முதன்முதலில் கணினியைத் தொட்டது அதனால்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் அதைத் தொட்டாளா? தூசி தட்டுவதற்கு மட்டும் தொட்டாள். 2017-ல் மத்திய அரசாங்கம் கிராமத்தில் குடும்பத்துக்கு ஒருவர் என்று இருபது மணி நேரக் கணினிப் பயிற்சி கொடுக்க முற்பட்டது. 2024 மார்ச்சில் முடிந்த அந்தத் திட்டத்தில் ஆறு கோடிப் பேருக்கு மேல் பயிற்சி பெற்றதாகக் கணக்குச் சொல்லுகிறது. அந்த 'ஒருவர்' பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே ஓரளவு தெரிந்த இளைஞராகவே இருந்தார் என்பது நான் கண்டது. அவர் வேலைக்காகத் திருப்பூருக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறினால், அந்தக் குடும்பத்தின் கணினி அறிவும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது.

ஊர்ப் பொதுவில் வைத்தால் என்ன என்ற யோசனையும் பழையதுதான். 2001-ம் ஆண்டு மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லா இணைப்பைக் கொண்டு கிராமந்தோறும் கணினிக் கூடங்கள் அமைத்தார்கள். கண்ணில் குறையுள்ளவர்களின் படத்தைக் கிராமத்திலிருந்தே அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி யோசனை கேட்டார்கள். இருந்தும் அக்கூடங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஒவ்வொரு கூடமும் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சம்பாதிக்க முடியாத இடத்தில் பூட்டு விழுந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் தெரு விளக்கையும் லாபம் பார்த்தா நடத்துகிறோம்?

புதுச்சேரியில் வேறு விதமாக நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமங்களை அமைத்தபோது, கூடம் பொது இடத்தில் இருக்கவேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வரவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வீராம்பட்டினத்தில், கடலில் அலை எத்தனை உயரம் எழும் என்ற செய்தியைக் கணினியில் எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கணினி ஒன்றுதான், கேட்ட காதுகள் ஊர் முழுவதும். 2004 டிசம்பர் 26-ந் தேதி என்ன ஆயிற்று? நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். உடனே கூடத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 மக்கள் தப்பினார்கள். அன்று உயிரைக் காத்தது கணினிகூட அன்று. செய்தி வந்தால் அதை ஊர் முழுவதற்கும் சொல்லவேண்டும் என்ற பழக்கம் அந்த ஊரில் ஏற்பட்டிருந்ததே, அதுதான்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நம் அண்டை மாநிலத்துப் பஞ்சாயத்து ஒன்று செய்த காரியம். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஒரு கிராமப் பஞ்சாயத்து இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், கூலி கணக்கில் ஏறிற்றா என்று பார்ப்பதற்காகவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் காத்து நின்றார்கள். ஒரு கூலியைப் பார்க்க இன்னொரு கூலி செலவு! இதைக் கண்ட சிலருடைய மனத்தில், கைபேசியிலேயே இதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் என்ன என்ற எண்ணம் உதித்தது. 2021 ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்த் தெரியாதவர்கள் யார் என்று கணக்கெடுத்தார்கள். கற்பவரை வகுப்புக்கு அழைக்கவில்லை. வகுப்பைக் கற்பவரிடம் கொண்டுபோனார்கள். வேலைத் தளத்திலும், வீட்டுத் திண்ணையிலும், மகளிர் குழுக் கூட்டத்திலும் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கற்றார்கள். 2022 செப்டம்பரில், முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து என்று முதலமைச்சர் அறிவித்தார். பிறகு மாநிலம் முழுவதும் அதைப் பின்பற்றி, சுமார் இருபத்திரண்டு லட்சம் பேரைக் கண்டுபிடித்துக் கற்பித்து, 2025 ஆகஸ்டில் கேரளம் முழுமைக்கும் அவ்வாறே அறிவித்தார்கள். ஒரு பஞ்சாயத்து செய்ததை ஒரு மாநிலம் காப்பியடித்தது! வழக்கமாக மேலிருந்து சுற்றறிக்கை வந்து நாம் செய்வோம். இங்கே கீழிருந்து போயிருக்கிறது.

நம்மால் முடியுமா என்றால், இடமும் ஆளும் இருக்கின்றன என்பேன். 2006-ம் ஆண்டு முதல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் கட்டிய நூலகங்களில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அவற்றில் ஒன்றைத் திறந்து சுவரை வெள்ளையடிக்க வெளியார் உத்தரவு வேண்டாம். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, தெருவுக்குத் தெரு மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் நம் ஊர்ப் பெண்களே. பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் மாமியாருக்கும் மாமனாருக்கும் சொல்லமாட்டார்களா? பஞ்சாயத்து அவர்களை மரியாதையோடு அழைக்கவேண்டும். கையில் ஒரு தொகையும் கொடுக்கவேண்டும். இலவசச் சேவை என்று பெண்களிடம் மட்டுமே கேட்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

ஆங்கிலம் தெரியாதே என்று சிலர் பின்வாங்குகிறார்கள். 1999-ல் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டித் தமிழுக்கென்று ஒரு விசைப்பலகை வகுத்தாயிற்று. 2010-ல் தமிழக அரசாங்கம் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டதால், ஓரிடத்தில் அடித்த தமிழ் இன்னோரிடத்தில் கட்டங்கட்டமாகச் சிதறிய தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தது. இப்போது கைபேசியிடம் தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளுகிறது. இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். விவசாயிக்கென்று செய்த இணையதளங்களில் முகப்பு தமிழில் இருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் அதற்குரிய காரணம் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. எது மிகவும் விளங்கவேண்டுமோ அதுவே விளங்காத மொழியில்! இதைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பவேண்டும்.

என்ன கற்பிப்பது? கணினியின் உறுப்புகளைப் பலகையில் வரைந்து பெயர் கேட்கவேண்டாம். தன் ஆதாருடனும் வங்கிக் கணக்குடனும் எந்தக் கைபேசி எண் இணைந்திருக்கிறது என்பதைப் பார்க்கத் தெரியவேண்டும். வந்த குறுஞ்செய்தியைப் படிக்கவேண்டும். புல எண்ணைப் போட்டுத் தன் நிலத்தின் பட்டாவைப் பார்க்கவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பார்ப்பதற்கே பணம் கேட்பவர் உண்டு என்பதால் சொல்லுகிறேன். ஓ.டி.பி. எண்ணை வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும் கொடுக்கக்கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். பிறகு, நம்முடைய பஞ்சாயத்து என்ன வேலைக்கு எவ்வளவு செலவிட்டது என்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பார்க்கவும் கற்றுக்கொடுக்கவேண்டும். தலைவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். தெரிந்துகொண்டால் கிராம சபையில் கேள்வி கேட்பார்களே என்ற அச்சம் இருந்தால், அதையும் சேர்த்தே இன்று பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று. எல்லோரும் கற்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதை எந்த அலுவலகமும் சாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. எழுபத்தைந்து வயது மூதாட்டி, "எனக்கு இது வராது, சாமி" என்றால், அவளுக்குரிய ஓய்வூதியம் காகித விண்ணப்பத்தின் மேலும் கிடைக்கவேண்டும். கல்லாதவனுக்கு வாக்குரிமை இல்லை என்று இந்தக் குடியரசு சொன்னதில்லை. கைபேசி இல்லாதவனுக்கு நிவாரணம் இல்லை என்று மட்டும் எப்படிச் சொல்லலாம்?

மணி பன்னிரண்டரை ஆகிறது, சாப்பாட்டுக்கு அழைக்கிறார்கள். பிற்பகலில் சொற்பொழிவு கிடையாது. டிஜிட்டல் கையொப்பக் கருவியை உடன் கொண்டுவந்திருப்பவர்கள் வலப்பக்கத்து அறைக்கு வரவேண்டும்; அவர்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ளுவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கணவர்மார்கள் தயவுசெய்து வெளியே மரத்தடியில் இருக்கவும். கொண்டுவராதவர்கள், அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு இப்போதே போன் செய்து, மாலைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தங்கள் நிலத்துப் புல எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு இந்த மண்டபத்திலேயே இருங்கள். இரண்டு மணிக்குத் தொடங்குவோம்.